இறங்க மறுத்த டிஃபரென்ஷியல்

என் பழைய மோரிஸ் மைனர் காரின் பின் ஆக்ஸில் பான்ஜோ வகை: அச்சின் நடுவே வட்டமாகப் புடைத்த கூடு, அதில் முன்பக்கமிருந்து பொருத்திய டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் டிஃபரென்ஷியல் மொத்தமாக முன்பக்கம் வந்துவிட வேண்டும். என்னுடையது அசையவே இல்லை.

முதலில், டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்டுகளைப் பார்த்தேன். ஒரு பக்க ஷாஃப்டின் பல் உள்ளே மாட்டியிருந்தாலும் எவ்வளவு இழுத்தாலும் வராது. இரண்டும் தாராளமாக வெளியே வந்திருந்தன. அப்படியென்றால் பிடித்திருப்பது இணைப்பில் உள்ள பழைய கேஸ்கெட் பசையும், நட்டு மாட்டும் திருகுக் கம்பிகளான ஸ்டட்டுகளைச் சுற்றிய துருவும்தான்.

இடுக்கில் உளி வைத்து அடிக்கலாம் என்பார்கள். நான் வைக்க மாட்டேன். இரண்டு பாகமும் ஒட்டி உட்காரும் அந்த முகப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எண்ணெய் கசிவு காலத்துக்கும் போகாது.

ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். அப்புறம் மேலே உள்ள இரண்டு நட்டுகளை மட்டும் ஸ்டட் நுனியில் திரும்ப மாட்டினேன். இது முக்கியம்: சாமான் நல்ல கனம், திடீரென்று விட்டால் நம் நெஞ்சில்தான் விழும். வண்டி ஆக்ஸில் ஸ்டாண்டில் இருக்க, டிஃபரென்ஷியலின் முன்னால் நீண்டிருக்கும் பினியன் மூக்குக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாக அழுத்தம் கொடுத்தேன். அந்த இறுக்கத்திலேயே விளிம்பைச் சுற்றிச் செம்புச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். இணைப்பில் மெல்லிய கோடாக எண்ணெய் ஊறியது.

மிச்ச எண்ணெய்க்குத் தட்டை வைத்துவிட்டு, ஜாக்கியில் தாங்கியபடி ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்துவிட்டது. உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் பற்களில் தேய்மானம் சீராகவே இருந்தது.