என்ஜினை முதலில் வாங்காதீர்கள்: குட்டி டிராக்டர் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் குட்டி டிராக்டர் கட்டும் ஆசை பெரும்பாலும் ஒரு என்ஜினில்தான் தொடங்குகிறது. லோரோங் கூலிட் சந்தையிலோ, பிறைப் பக்கம் ஏதாவது பெசி புருக் (பழைய இரும்பு) கடையிலோ ஹோண்டா ஜிஎக்ஸ்200 ஒன்று மலிவாக அகப்படும். அன்றிரவே பாலிக் புலாவ் பழத்தோட்டத்தில் உரமூட்டை இழுக்கும் வண்டி மனதில் ஓட ஆரம்பித்துவிடும். கட்டி முடித்த பிறகுதான் தெரியும், அது மேட்டில் ஏறாது, இறக்கத்தில் நிற்காது.

பெரிய கம்பெனிகளுக்கும் என்ஜின் மோகம் இருந்திருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், எச்டி-340 என்ற சோதனை டிராக்டரைக் காட்டியது. அதில் இருந்தது 80 குதிரைத்திறன் கேஸ் டர்பைன். எல்லாரும் டர்பைனைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள். காதைப் பிளக்கும் சத்தம், எண்ணெய்யோ குடம் குடமாக. அது வயலுக்கு வரவே இல்லை. ஆனால் அதே வண்டியில் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் (கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்துக்கு விசை கடத்தும் அமைப்பு), 1967இல் அந்தக் கம்பெனியின் 656 மாடலில் விற்பனைக்கு வந்துவிட்டது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் டிராக்டர் என்பேன்.

கணக்கு இதுதான். சின்ன பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றும். 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள பின்சக்கரம் மணிக்கு 5 கிலோமீட்டரில் போக, நிமிடத்துக்கு 45 சுற்றுதான் வேண்டும். ஆக, வேகத்தை 80இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். பழைய வேன் கியர் பெட்டியின் முதல் கியர் ஏறக்குறைய 4 மடங்கும், பின் ஆக்சில் 5 மடங்கும் குறைக்கும் என்று வைத்தால் மொத்தம் 20 மடங்குதான் வருகிறது. மீதி நான்கு மடங்கை பெல்ட்டும் புல்லியும் தர வேண்டும். அதை ஒரே ஜோடி புல்லியில் முடிக்கப் பார்ப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. சின்னப் புல்லியில் பெல்ட் சுற்றும் பரப்பு குறைந்து, பாரம் ஏறியதும் வழுக்கிப் புகையும். இரண்டு கட்டமாகப் பிரித்துக் குறையுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வண்டி மெதுவாகப் போகிறதே என்று, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிடுவார்கள். அந்த 3,600 சும்மா எழுதிய எண் இல்லை. அதைத் தாண்டி ஓட்டினால் சில மலிவு என்ஜின்களின் அலுமினியக் கனெக்டிங் ராடும் வார்ப்பிரும்பு பிளைவீலும் தாங்காது. பிளைவீல் உடைந்தால் துண்டுகள் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் பறக்கும். வேகம் வேண்டுமானால் புல்லியை மாற்றுங்கள்.

பிரேக் விஷயத்தில் நான் கறார். அது பெல்ட்டுக்கு அப்பால், ஆக்சிலில் இருக்க வேண்டும். கிளட்சுக்குப் பதிலாக பெல்ட்டைத் தளர்த்தும் வண்டிகளில், பெல்ட் கழன்ற நொடியே என்ஜின் பிடிப்பும் போய்விடும். சமதரையான செபராங் பிறையில் தப்பிக்கலாம், பாலிக் புலாவ் சரிவில் முடியாது.

அடுத்தது எடை. ஜெனரல் எலெக்ட்ரிக் 1969 முதல் விற்ற எலெக்-ட்ராக் மின்சாரத் தோட்ட டிராக்டரில், ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் ஆறு சேர்ந்து 36 வோல்ட் தந்தன. அப்படிப்பட்ட பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ என்றால், ஆறும் 170 கிலோவை நெருங்கும். மின்சார வண்டி கட்டும் இன்றைய ஆட்கள் லித்தியம் போட்டு, “எடை குறைந்தது” என்று மகிழ்கிறார்கள். மழையில் நனைந்த செம்மண்ணில் சக்கரத்தை அழுத்திப் பிடித்தது அந்த எடைதான். எடுத்த பாரத்தை வேறு வடிவில் கீழே, பின்சக்கரப் பக்கம் திரும்ப வையுங்கள்.

இழுவைக் கொக்கியைப் பின் ஆக்சிலின் மையத்துக்கு மேலே பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. மேலிருந்து இழுத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். துரியான் மரக்கட்டையைச் சங்கிலி போட்டு இழுக்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். கொக்கி எப்போதும் ஆக்சிலுக்குக் கீழேதான்.

டயரைத் திருப்பிப் போடுவது சின்னத் தவறு, ஆனால் சேற்றில் தெரிந்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் டயரின் V வடிவப் பட்டைகளின் முனை மேலே நோக்க வேண்டும். அப்போதுதான் முனை முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இருபுறமும் தள்ளும்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுங்கள். கல்வனைஸ் குழாயை அப்படியே பற்றவைத்தால் துத்தநாகப் புகையில் இரவெல்லாம் காய்ச்சல் அடிக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

அப்புறம், “கம்பத்துச் சாலையில் ஒரு ரவுண்டுதானே அண்ணே” என்பவர்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு செய்யாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்கே ஆனாலும் லாரியில் ஏற்றி, நான்கு மூலையிலும் கட்டிக் கொண்டுபோங்கள்.