மலையகத் தாவரங்களில் புற்றுநோய் எதிர்ச் சேர்வைகளைத் தேடுவது எப்படி?

இத்தேடலில் இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் "புற்றுக்கு நல்லது" என்று ஊரில் சொல்லப்படும் மூலிகைகளையே முதலில் நாடுகின்றனர். ஆறாத புண்ணும் கட்டியும் கழலையும் நாட்டு வழக்கில் அப்பெயருக்குள் அடங்கிவிடுவதால், அது அவ்வளவு நம்பத்தக்க வழியன்று. செடி உடலில் என்ன செய்கிறது என்று விசாரிப்பதே மேல். நம் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூவைக் கனடாவில் நீரிழிவுக்காகவே சோதித்தார்கள். எலிகளின் வெண்குருதிக் கலங்கள் குறைந்ததைக் கண்டு காரணத்தைத் தேடியபோதுதான், 1958 அளவில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிடிபட்டது. ஆகவே, கலங்களைப் பாதிக்கும் நஞ்சு இருக்கக்கூடிய செடிகளைத் தேடி, மாடு வாய் வைக்காத செடி எது, பூச்சி அண்டாத இலை எது என்று தோட்டத்தில் மாடு வளர்ப்போரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பறிப்பதற்கு முன் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுக வேண்டும். தேயிலை மலையின் கான் (வடிகால்) ஓரத்துச் செடிகளைத் தவிர்த்துவிடுங்கள்; அவற்றில் படிந்த களைநாசினியே பின்னர் சோதனைக் கலங்களைக் கொன்று, செடிக்கு இல்லாத பெருமையைத் தேடித் தந்துவிடும். பூவோ காயோ உள்ள கிளையொன்றைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, இடத்தின் உயரம், நாள், செடியில் வடியும் பாலின் நிறம் ஆகியவற்றை எழுதி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தின் மாதிரிகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். இப்படிப் பெயர் உறுதியாகாத செடியில் செய்த ஆய்வை வேறெவரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

நுவரெலியாவின் மூடுபனியில் இலை உலர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணத்தின் நஞ்சும் கலங்களைக் கொல்லக்கூடியது. எனவே அன்றன்றே மெல்லிய படையாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலிலோ 40 பாகை செல்சியசைத் தாண்டாத உலர்த்தியிலோ காய வைக்க வேண்டும். பின்னர் பொடித்து, மெதனோலில் ஊறவைத்து, வடித்து, தாழ்ந்த அழுத்தத்தில் கரைப்பானை நீக்கினால் கச்சாச் சாறு கிடைக்கும்.

கவனம் மிக அதிகமாகத் தேவைப்படுவது, ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களில் சாற்றை இட்டுப் பார்க்கும் கலச் சோதனையில்தான். தேநீருக்குத் துவர்ப்பைத் தருவன போன்ற பொலிபீனோல்கள், உயிருள்ள கலங்களால் நிறம் மாறும் எம்.டி.டி. சாயத்தைத் தாமே நிறம் மாற்றி, இறந்த கலங்களையும் உயிருள்ளவையாகக் காட்டக்கூடும். சோதனைத் தட்டில் கலமில்லாக் குழியொன்றில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் இட்டுப் பார்த்தால் இது உடனே வெளிப்படும். சந்தேகமிருப்பின், கலங்களின் புரதத்துக்குச் சாயமேற்றி அளக்கும் சல்ஃபோரோடமீன் பி முறைக்கு மாறுவது நல்லது. பொலிபீனோல்களில் ஒருவகையான தனின்களோ புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பொய்யான நச்சுத்தன்மையைக் காட்டும். தனின்களைப் பிடித்துவைக்கும் பொலிஅமைட்டு நிரப்பிய குழாயினூடாகச் (நிரலினூடாக) சாற்றைச் செலுத்தி அவற்றை நீக்கலாம். மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராமுக்கும் குறைந்த செறிவில் பாதிக் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் கச்சாச் சாற்றையே வழக்கமாக அடுத்த கட்டத்துக்கு எடுப்பர். இயல்பான கலங்களையும் உடன் சோதிக்காவிட்டால், கையிலிருப்பது மருந்துக்கான தடயமா வெறும் விஷமா என்பது தெரியாது.

அதன் பின்பே சாற்றைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் கலங்களில் சோதித்து, வீரியம் எப்பகுதியில் தங்குகிறதோ அதையே தொடர வேண்டும். தூய சேர்வையை நோக்கி மாதக்கணக்கில் உழைக்கும் முன், மூலக்கூறின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலையைக் கொண்டு அது ஏற்கெனவே அறியப்பட்டதா என்று பாருங்கள். புதியதாகத் தோன்றினால், அதே மரத்திலிருந்து வேறு பருவத்தில் இலை எடுத்து, பழைய வீரியம் திரும்பக் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். இதற்காகவே முதல் நாளிலேயே மரத்துக்கு இலக்கமிட்டு, இடத்தின் ஆள்கூறுகளைக் குறித்து வைக்க வேண்டும்.