புதுப் புஷ்ஷும் கிழிந்த கதை

கல்லடிப் பாலம் கடந்து குறுக்கு வீதிக்குள் இறங்கினால் காரின் முன் இடது சில்லில் ‘டொக் டொக்’. ஸ்டெபிலைசர் லிங்க், ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினேன், வீண் செலவு. நீட்டுக் கம்பியால் நெம்பியபோதுதான் லோவர் ஆம் (சில்லைக் காரோடு பிணைக்கும் கீழ்க் கை) பின்புஷ், அதாவது அதன் பின்மூட்டிலுள்ள றப்பர் உருளை, கிழிந்திருந்தது தெரிந்தது.

நீட்டுப் போல்ட், தடித்த வொஷர், குழாய்த் துண்டு வைத்துப் பழையதை இழுத்தெடுத்தேன். புதியது சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி ஏறியது. (கிறீஸ் வேண்டாம், றப்பரைத் தின்னும்.)

3 கிழமையில் அதுவும் கிழிந்தது! ஜக்கில் சில்லு தொங்கும்போதே புஷ்ஷினூடே போகும் போல்டை இறுக்கியிருந்தேன். றப்பர், அந்தப் போல்ட் இறுக்கிப் பிடிக்கும் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டியிருப்பதால் சுழலாது, முறுகும். காரை இறக்கினால் முறுகியபடியே நிற்கும். அடுத்த புஷ்ஷைப் போட்டு, சில்லுகளைப் பலகைமேல் நிறுத்தி, முழுப் பாரமும் இறங்கிய பிறகே இறுக்கினேன். அப்பாடா, சத்தம் போயிற்று.