டி-50 மாதிரியில் ஆயுத அறைகளைத் திறந்து அமைப்பது எப்படி

பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் வயிற்றில் கத்தி வைப்பதற்கு முன், எந்த விமானம், எந்தக் காலம் என்பதை முடிவு செய்யுங்கள். ரஷ்யச் சோதனைப் போர் விமானங்கள் எல்லாவற்றிலும் திறந்து காட்ட ஆயுத அறை (உடலுக்குள் ஏவுகணை வைக்கும் இடம்) இருக்காது. 1997 செப்டம்பர் 25 அன்று முதலில் பறந்த சு-47-இல் ஆயுத அறை வெகுகாலம் கழித்து, டி-50 (பின்னாளில் சு-57 எனப் பெயர்பெற்ற போர் விமானம்) திட்டத்தின் சோதனைக்காகத்தான் வந்தது. அதன் தொடக்ககாலத் தோற்றத்தைச் செய்பவர்கள் அடிப்பகுதியை மூடியே விடவேண்டும். 2000 பிப்ரவரி 29-இல் பறந்த மிக் 1.44 ஆயுதச் சோதனை வரை போகவே இல்லை; அதையும் தொடவேண்டாம்.

2010 ஜனவரி 29-இல் முதலில் பறந்த டி-50-தான் இந்த வேலைக்கு ஏற்றது. இரண்டு எஞ்சின் கூடுகளுக்கு நடுவே, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெரிய அறைகள். இறக்கை வேரின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகக் குறுந்தூர ஏவுகணைக்கான சிறு அறைகள். பெரிய அறை ஒவ்வொன்றும் சுமார் 4.6 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். 1:72 அளவில் 64 × 14 மி.மீ., 1:48 அளவில் 96 × 21 மி.மீ.

பலர் தவறுவது இங்கேதான்: இரண்டு அறைகளையும் சேர்த்து ஒரே நீளத் துளையாக வெட்டிவிடுகிறார்கள். நடுத்தடுப்பை விட்டே வெட்டுங்கள். பார்வைக்கு அதுதான் சரி. மாதிரியின் அடிப்பகுதி தொய்யாமல் தாங்குவதும் அதுதான்.

மூலைகளில் 0.8 மி.மீ. துளையிட்டு, கோட்டுக்கு அரை மி.மீ. உள்ளே வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டியெடுத்த துண்டைக் கதவாக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கிட்டின் (பெட்டியில் வரும் மாதிரித் தொகுப்பின்) பிளாஸ்டிக் 1 மி.மீ. தடிமன் என்றால் 1:72 அளவில் அது 7 செ.மீ. கதவு! 0.4 அல்லது 0.5 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட்டில் புதிதாக வெட்டுங்கள். அறை ஒன்றுக்கு இரண்டு கதவுகள், இடமும் வலமுமாக வெளிப்பக்கம் திறப்பவை.

அறைப் பெட்டியின் கூரைக்கு 0.5 மி.மீ. ஷீட், சுவர்களுக்கு 0.4. திரவப் பசையைத் தாராளமாக ஓடவிட்டால் மெல்லிய சுவர் இளகி உள்பக்கம் சாயும். பிறகு ஏவுகணை நுழையாது. தூரிகை நுனியால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டு, பெட்டிக்குள் 14 மி.மீ. அகல மரத்துண்டை நிறுத்தி ஓர் இரவு உலரவிடுங்கள். உடலின் மேல் பாதியோடு பசையில்லாமல் பொருத்திப் பார்த்த பிறகே பெட்டியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். காற்று நுழைவுக் குழாய்கள் இடிக்கும்.

இனி ஏவுகணை. ரேடாரைத் தாக்கும் ஹெச்-58 உஷ்கே 4.19 மீட்டர், அதாவது 1:72-இல் 58 மி.மீ. அறை நீளத்துக்குள் சற்று இடம்விட்டு அடங்கும். அதன் துடுப்புகள் மடியும். மடிந்தால் சுமார் 40 செ.மீ. சதுரத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் 1 மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கம் பக்கமாக நிற்கின்றன. பழைய கிட்டிலிருந்து எடுத்த, துடுப்பு விரிந்த ஹெச்-58 இங்கே நுழையாது, நுழைத்தாலும் பொய். விமானங்களைத் தாக்கும் ஆர்-77-1 என்றால் 3.71 மீட்டர், 51.5 மி.மீ. அதன் வலைத்துடுப்புகளையும் மடித்தே வையுங்கள்.

ஏவுகணையைக் கூரையில் நேராக ஒட்டாதீர்கள். வேகத்தில் பறக்கும்போது திறந்த அறைக்குள் காற்று சுழன்று அடிக்கும். ஆயுதம் தானாக விழட்டும் என்று விட்டால் விமானத்திலேயே மோதலாம். ஆகவே உந்தித் தள்ளும் கருவி ஒன்று அதைக் கீழே எறிகிறது. ஹெச்-58 போன்ற கனமானதற்கு உவிகேயு-50உ, ஆர்-77 போன்ற இலகுவானதற்கு உவிகேயு-50எல். மாதிரியில் மெல்லிய ஸ்டைரீன் பட்டையும் இரண்டு கம்பித் துண்டுகளும் போதும், ஆனால் கூரைக்கும் ஏவுகணைக்கும் நடுவே இடைவெளி தெரியவேண்டும். 2018 மே மாதம் வெளியான, இந்த விமானம் ஹெச்-59 எம்கே2 ஏவுகணையை ஏவும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உள் நிறத்துக்கும் நீங்கள் செய்யும் விமானத்தின் படங்களையே நம்புங்கள், கிட் தாளை அல்ல.

பக்க அறைகளை முதல் முயற்சியில் மூடியே விடலாம். வளைந்த கூடு, மெல்லிய கதவு, உள்ளே 40 மி.மீ. ஏவுகணை எல்லாம் சேர்ந்து பொறுமையைச் சோதிக்கும்.

உடல் பாதிகளை ஒட்டும் முன்பே அறை உட்புறத்துக்கு வண்ணம் பூசி, ஈரமான டிஷ்யூ காகிதத்தால் அடைத்துவிடுங்கள். வெளி வண்ணம், டீகால் (ஒட்டுச் சின்னங்கள்), வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகே கதவுகள். 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியைக் கீலாக ஊன்றி, ஒரே கோணத்தில் வெட்டிய அட்டைத் துண்டை ஒவ்வொரு கதவுக்கும் முட்டுக் கொடுத்து சூப்பர் க்ளூ வையுங்கள். முட்டில்லாமல் கண்ணளவில் ஒட்டினால் நான்கு கதவும் நான்கு கோணத்தில் நிற்கும்.