பிள்ளைகளோடு பனிச்சறுக்கா? பெட்மெரால்ப் போங்கள்

சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு என்றதும் பலரும் செர்மாட்டுக்கே ஓடுகிறார்கள். சிறு பிள்ளைகள் உடன் வந்தால் பெட்மெரால்ப்தான் என் தேர்வு. சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்குக் காரில் போக முடியாது. அடிவாரத்திலுள்ள பெட்டன் நிலையத்திலிருந்து கேபிள் காரில்தான் ஏற வேண்டும். குளிர்காலத்தில் தெருவெல்லாம் பனி. பெட்டிகளையும் குழந்தைகளையும் சறுக்குவண்டியில் உட்கார்த்திக் கயிற்றால் இழுத்துப் போகிறார்கள். கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளையின் பின்னால் பதறி ஓட வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்காகவே போகலாம்!

புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி நடுவில் போங்கள். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அறை வாடகையும் ஏறும், சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் வரிசையும் நீளும். வானம் தெளிந்த நாளில் ஊருக்கு மேலுள்ள பெட்மெர்ஹார்ன் மலைக்கு ஏறி, ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ச்சைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள்.