சட்டமூலம் கைக்கு வந்தால் எங்கே பார்ப்பது?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சட்டமூலம், அதாவது சட்டமாகும் முன் உள்ள வரைவு, படிக்கிறோம். வருகிறவர்களில் பலர் காணிக்காகவோ காணாமற்போன பிள்ளைக்காகவோ அலைந்த பெண்கள். நானும் தம்பியைத் தேடுகிறவள்.

முதலில் சொல்வது ஒன்றுதான்: அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வந்தவுடன் படியுங்கள். இலங்கையில் சட்டமூலம் நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. ஆகவே சட்டமூலம் பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் நாள் எண்ணத் தொடங்குங்கள். குறித்த நாட்களுக்குள், நாட்டின் தலையாய நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து எந்தக் குடிமகனும் மனுச் செய்யலாம். பிரதியை அப்போதே சபாநாயகருக்கும் சேர்ப்பிக்க வேண்டும். நீதிமன்றம் 3 வாரத்துக்குள் முடிவு சொல்லும். அரசியலமைப்புக்கு முரண் என்று அது சொன்னால், 225 உறுப்பினரில் 150 பேராவது ஆதரிக்க வேண்டும். சிலவற்றுக்குச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை.

முதலாம் வாசிப்பு அறிமுகம் மட்டுமே. இரண்டாம் வாசிப்பில் நோக்கத்தைப் பற்றி விவாதித்து வாக்களிப்பார்கள். நமக்கு உரிய இடம் அதன்பின் வரும் குழுநிலை: அங்கேதான் ஒவ்வொரு வாசகமாக (சட்டமூலத்தின் எண்ணிட்ட பகுதி) எடுத்துத் திருத்துகிறார்கள். அதற்கு முன்பே உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: வாசகத்தின் எண், இப்போது உள்ள சொற்கள், நீங்கள் கேட்கும் சொற்கள். மனக்குறையை எல்லாம் கொட்டி எழுதினால் அவர் எதைத் திருத்தக் கேட்பார்? எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 பேர் இருக்கிறார்கள். கிளிநொச்சியார் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களிடம் போக வேண்டும். மூன்றாம் வாசிப்போடு பாராளுமன்றத்தின் வேலை முடிந்துவிடும்.

கடைசி வாசகத்தையும் பாருங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒவ்வாமை (முரண்பாடு) வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

முதலாம் வாசகத்தை நான் பட்டுத்தான் படித்தேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமூலம் 2016 ஆகஸ்ட் 11 அன்று நிறைவேறியது. அடுத்த வாரமே தம்பியின் படத்தோடு போய் நிற்கலாம் என்று நம்பினேன். அமைச்சர் கட்டளையிட்டுக் குறிக்கும் தேதியில்தான் நடைமுறைக்கு வரும் என்று முதலாம் வாசகத்திலேயே இருந்தது. அந்தத் தேதி 2017 செப்டம்பர் 15. ஆணையாளர்களை நியமித்தது 2018 பெப்ரவரியில். இப்போது எந்தச் சட்டமூலம் வந்தாலும் அந்த வரியின் கீழ் முதலில் கோடு போடுகிறேன்.