காதுக் குறும்பி: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

"சிஸ்டர், நேத்து தலைக்குக் குளிச்சேன், இன்னைக்குக் காது அடைச்சிருச்சு." காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில் இதை நான் கேட்காத வாரம் இல்லை. தீபாவளி முடிந்த கையோடு கூட்டம் இன்னும் கூடும். தண்ணீர் உள்ளே நின்றுவிட்டது என்று நினைத்துத்தான் வருவார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தால், ஏற்கெனவே இருந்த குறும்பி ஈரத்தில் ஊறி உப்பி, குழாயை முழுக்க அடைத்திருக்கும். முக்கால்வாசி அடைத்திருந்தாலும் ஒரு மயிரிழை வழி இருக்கும்வரை காது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த வழியும் மூடியதும் திடீரென்று வந்ததுபோலத் தெரியும்.

பெரியவர்களுக்குக் காதுக் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. செவிப்பறையை ஒட்டிய பகுதியில் சுரப்பிகளே கிடையாது. ஆகவே செவிப்பறை மேல் குறும்பி அப்பியிருந்தால், பெரும்பாலும் பட்ஸோ கொண்டை ஊசியோ அதை அங்கே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். குழாயின் தோல் தானாகவே உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்கு உதவி. குறும்பி கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. கிருமியையும் பூஞ்சையையும் தடுக்கிறது. துடைத்துத் துடைத்து அதை இல்லாமல் செய்தால் தோல் வறண்டு அரிக்கும், அரித்தால் மறுபடி குடையத் தோன்றும். இந்தச் சுழலில் மாட்டியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் விஷயம்: காது நன்றாகக் கேட்கிறது, வலி இல்லை, அடைப்பு இல்லை என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். குளித்தபின் துண்டின் நுனியால் காது மடலையும் வாசலையும் துடைத்தால் போதும். கைக்குழந்தைக்கும் அதே அளவுதான்.

கேட்பது மந்தமாகி, காது நிறைந்தாற்போல இருந்தால் குறும்பியை இளக்கப் பார்க்கலாம். வீட்டில் செய்யக்கூடியது அந்த ஒன்றுதான். எடுப்பதை விட்டுவிடுங்கள், இளகினால் அதுவே வரும்.

அதற்கும் முன்னால் உங்கள் காதின் பழைய கதையை யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் சீழ் வடிந்ததா? செவிப்பறையில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா? காதில் ஆபரேஷன் ஆனதா? இப்போது வலியோ, நாற்றத்தோடு நீரோ, ரத்தமோ வருகிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எந்தச் சொட்டும் விடாமல் நேராக டாக்டரிடம் போங்கள். நம் ஊரில் குழந்தைப் பருவத்தில் காதில் சீழ் வடிந்தவர்கள் ஏராளம். அதில் விழுந்த ஓட்டை பலருக்கு அப்படியே இருக்கும், அவர்களுக்கே தெரியாது. ஒரு காது மட்டும்தான் கேட்கிறது என்பவர்களும் அந்தக் காதை வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காதுக் குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் எலும்புவரை போகும் தொற்றாக மாறக்கூடும். அவர்களும் டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் நல்லது.

சரி, மேலே சொன்ன எதுவும் இல்லை. மருந்துக் கடையில் குறும்பி இளக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் சோடா கிளிசரின் கொடுப்பார்கள். ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய் இரண்டும் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுபவை (பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொட வேண்டாம்). அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். வேறொருவர் விட்டால் சுலபம். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். இரண்டு மூன்று சொட்டு விட்டு, காது வாசலுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை மெதுவாக அழுத்தி விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருந்து, பிறகு எழுந்து வழிவதைத் துடையுங்கள். எண்ணெய் என்றால் நாளைக்கு மூன்று நான்கு முறை, மூன்றிலிருந்து ஐந்து நாள். கடை மருந்துக்கு அட்டையில் உள்ள அளவு. பாட்டிலை முன்னதாகக் கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த சொட்டு உள்ளே போனால் தலை சுற்றும்.

முதல் இரண்டு நாள் அடைப்பு கூடினாற்போல இருக்கும். குறும்பி ஊறுகிறது, அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். எரிச்சலோ வலியோ வந்தால் நிறுத்திவிடுங்கள். பஞ்சை அடைத்து வைக்காதீர்கள், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

நல்லெண்ணெய் விடலாமா என்று கேட்காதவர் இல்லை. ஓட்டையில்லாத காதில், சுத்தமான எண்ணெய் உடம்புச் சூட்டில் இரண்டு சொட்டு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பூண்டும் மிளகாயும் போட்டுக் காய்ச்சி, 'இளஞ்சூடு' என்று கைக்கணக்கில் ஊற்றுவார்கள். விரல் தாங்கும் சூட்டைச் செவிப்பறை தாங்காது. வாராவாரம் வழக்கமாக எண்ணெய் விடுவதும் வேண்டாம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காது ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடிக்கும்; நனைந்த செய்தித்தாள் போலக் கறுப்புப் புள்ளிகளோடு உள்ளேயிருந்து எடுப்போம். தாங்க முடியாத அரிப்பு என்றால் பலசமயம் அது குறும்பியே அல்ல, இந்தப் பூஞ்சைதான்.

பட்ஸ், சாவி, தீக்குச்சி, பேனா மூடி பற்றி நீட்டவில்லை. இப்போது கேமரா வைத்த காதுக் கரண்டி ஆன்லைனில் வருகிறது, செல்போனில் பார்த்துக்கொண்டே எடுக்கலாமாம். படம் பெரிதாகத் தெரியும், ஆழம் தெரியாது. பக்கத்தில் குழந்தை கையைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காதில் மெழுகுத் திரியை வைத்துக் கொளுத்துவதும் வீண் வேலை. குறும்பி வராது, சூட்டுக்காயம்தான் வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-லேயே இதை எச்சரித்தது. ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சுவதையும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மருத்துவமனையில் செய்வதைப் பார்த்துவிட்டுச் சுலபம் என்று நினைக்கிறார்கள். அங்கே முதலில் உள்ளே பார்க்கிறோம், தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருகிறோம், குழாயின் சுவரைப் பார்த்துத்தான் பாய்ச்சுகிறோம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குறும்பிதான் என்று ஒரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் குறும்பி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு. நல்ல காதில் அதிகமாகக் கேட்டால் உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குச் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன், அன்றைக்கே கிளம்புங்கள். இந்தச் சோதனை முடிவான தீர்ப்பு அல்ல. தலைசுற்றலோ புதிதாக இரைச்சலோ சேர்ந்திருந்தால் எந்தப் பக்கம் கேட்டாலும் போய்விடுங்கள்.

குழந்தை காதில் புளியங்கொட்டையோ பயறோ போட்டுக்கொண்டால் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். விதை ஊறினால் பெருக்கும். பொத்தான் பேட்டரி என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு. பூச்சி நுழைந்தால் மட்டும், ஓட்டையில்லாத காதில் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் அதன் துடிப்பு அடங்கும். எடுக்க டாக்டரிடம் போகலாம்.

ஐந்து நாள் சொட்டு விட்டும், இன்னும் ஒரு வாரம் பொறுத்தும் அடைப்பு திறக்கவில்லை என்றால் மருத்துவமனைக்கு வாருங்கள். குறும்பி ஊறியிருப்பதால் எடுப்பதும் சுலபமாக இருக்கும். சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காது கேட்கும் கருவி போடுகிறவர்கள் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். பல நேரம் குறும்பி அதன் துளையிலும் அடைத்திருக்கும்.